சரித்திரப் படத்துல நம்ம ஊர்க்காரன் எந்தப் பக்கம் நிப்பான்?

1 | பாலக்கோட்டான் | சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன். எழுதறது இதான் முதல் தடவை. நீளமாப் போனா பொறுத்துக்குங்க.

போன மாசம் பென்னாகரம் பக்கத்துக் காட்டோரத்துல ஒரு சரித்திரப் படம் எடுத்தாங்க. எந்தக் கம்பெனி, யார் ஹீரோன்னு கேக்காதீங்க, சொல்றதா இல்ல. தக்காளி விலை விழுந்து மண்டியில வேலை இல்லாத நேரம். ஏஜென்ட் ஒருத்தர் ‘அறுபது ஆம்பளைங்க வேணும், ரெண்டு நாள், சாப்பாடு போக பேட்டா’ன்னார். நானும் எங்க தெருப் பசங்க நாலு பேரும் வேன் ஏறிட்டோம்.

விடியக்காலை நாலரைக்கு வரிசை. அசிஸ்டன்ட் டைரக்டர் தம்பி ஒருத்தர் டார்ச் அடிச்சு ஒவ்வொரு மூஞ்சியா பார்த்து, ‘நீங்க வலது, நீங்க இடது’ன்னு பிரிச்சுகிட்டே போனார். கொஞ்சம் வெளுப்பா, வாட்டசாட்டமா இருந்தவங்க வலது. அது ராஜா படை. செருப்பு, கவசம், தலைப்பாகை எல்லாம் உண்டு. மிச்சப் பேர் இடது. எங்களுக்குப் பேரு ‘காட்டு ஆளு’. இடுப்புல சாக்குத் துணி, கையில மூங்கில் கம்பு.

வேடிக்கை அதுக்கு அப்புறம். நான் நல்ல கறுப்பு. சின்ன வயசுல எங்கம்மா ‘அண்டாக் கரி’ன்னுதான் கூப்பிடும். அந்தக் கறுப்பு பத்தலன்னு மேல ஒரு பூச்சு பூசினாங்க. கூட வந்த பையன், ‘அண்ணா, ராத்திரி உன்னைத் தேட பேட்டரி லைட்டு வேணும்’னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து தேச்சுக் குளிக்கறப்பதான் சிரிப்பு வரல.

சீன் இதுதான்: ராஜா காட்டுக்குள்ள வர்றார். நாங்க மரத்துக்குப் பின்னாடி இருந்து கத்திகிட்டு பாயறோம். ஒத்தை ஆளா எங்க நாப்பது பேரையும் அடக்கறார். நாங்க கால்ல விழறோம். வசனம் கிடையாது. ‘என்னன்னு கத்தறது?’ன்னு கேட்டேன். ‘ஏதாவது கத்துங்கண்ணா, பின்னாடி சவுண்டு போட்டுக்கலாம்’னார்.

எங்க தாத்தா பேரு வேடியப்பன். ஊர் எல்லையில புளியமரத்தடியில வில்லும் கத்தியுமா ஒரு கல்லு நிக்குது. அதான் எங்க வேடியப்பன் சாமி. வருசம் தவறாம பொங்கல் வெச்சு கெடா வெட்டறோம். கையில கம்போட நின்னப்ப அந்தக் கல்லுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதுல இருக்கறவர் எழுந்து வந்து அந்த வரிசையில நின்னா, அந்தத் தம்பி அவரை எந்தப் பக்கம் அனுப்புவார்? வலமா, இடமா?

2 | ரீல்சுத்தி | சனி, இரவு 9:20

படத்தைப் படமா பாருங்க பாஸ். பேட்டா குடுத்தாங்களா இல்லையா?

3 | பாலக்கோட்டான் | சனி, இரவு 9:26

குடுத்தாங்க, குறை சொல்ல மாட்டேன். பூச்சு போக மூணு நாள் ஆச்சு. அதுக்குத்தான் பேட்டா இல்ல.

4 | கடத்தூர் வாத்தியார் | சனி, இரவு 10:41

தம்பி, இடப்பக்கம்தான் அனுப்புவார். சந்தேகமே வேண்டாம். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். வலப்பக்கம் நின்ற அந்த ராஜாவைச் சங்கப் பாட்டில் இருக்கிறபடி கொண்டுவந்து நிறுத்தினால் அவரை எந்தப் பக்கம் அனுப்புவார்கள்?

நம் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சியையே எடுத்துக்கொள்வோம். பெற்ற பிள்ளையை முதன்முதலாகப் பார்க்க வந்து நிற்கிறான். ஔவையார் பார்த்துப் பாடுகிறார், புறநானூறு 100ஆம் பாட்டு: ‘கையது வேலே, காலன புனைகழல், மெய்யது வியரே, மிடற்றது பசும்புண்.’ கையில் வேல், காலில் கழல், உடம்பெல்லாம் வியர்வை, கழுத்தருகே ஆறாத புண். தலைமயிரை ‘சுரி இரும் பித்தை’ என்கிறார். சுருண்ட, கரிய மயிர். அதில் பனந்தோட்டையும் வெட்சிப் பூவையும் வேங்கைப் பூவையும் சேர்த்துச் சூடியிருக்கிறான். எதிரியைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லையாம்.

கிரீடம் இல்லை, தங்கக் கவசம் இல்லை. வியர்வையும் புண்ணும் சுருட்டை முடியும் காட்டுப் பூவும். இந்த உருவத்தோடு விடியக்காலை நாலரைக்கு வந்து நின்றால் அதியமானுக்கும் சாக்குத் துணிதான் கிடைத்திருக்கும்.

5 | வடபழனி மேக்கப் | சனி, இரவு 11:30

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காரிமங்கலம். இருபது வருசமா சென்னையில மேக்கப் அசிஸ்டன்ட். பாலக்கோட்டு அண்ணன் சொன்ன படத்துல நான் இல்ல. ஆனா அந்த மாதிரி பூச்சு என் கையால ஆயிரம் பேருக்குப் பூசியிருக்கேன். எங்க தரப்பையும் கேளுங்க.

கூட்டத்துல ஆளுக்கு ஒரு நிறமா இருந்தா, பத்து நாள் கழிச்சு வேற ஊர்ல வேற ஆளுங்களை வெச்சு மிச்ச ஷாட் எடுக்கறப்போ பொருந்தாது. அதனால ஒரே ஷேடு. அது ஒண்ணு. அடுத்தது, சண்டைக் காட்சியில எவன் எந்தப் பக்கம்னு ஆடியன்ஸுக்கு அரை செகண்டுல தெரியணும். டைரக்டருக்கு ரெண்டு பக்கமும் வேற வேறயா தெரிஞ்சாகணும்.

வாத்தியார் ஐயா சொன்ன சுருட்டை முடிக்கு ஒரு சேதி சொல்றேன். எங்க பெட்டியில சுருட்டை விக் இருக்கு. அது வில்லனோட அடியாளுக்கும் காட்டு ஆளுக்கும்தான். ராஜா விக் நீளமா, நேரா, பளபளன்னு இருக்கும். யாரும் உட்கார்ந்து சட்டம் போடல. நான் தொழிலுக்கு வந்தப்பவே பெட்டி அப்படித்தான் அடுக்கி இருந்துச்சு.

6 | தளி ரோடு | ஞாயிறு, காலை 7:05

//ரெண்டு பக்கமும் வேற வேறயா தெரிஞ்சாகணும்//

அதுக்குத்தான் பூ இருக்கே அண்ணா! சேரன் பனம்பூ, சோழன் ஆத்தி, பாண்டியன் வேம்பு. எந்தப் படை எவனோடதுன்னு ரெண்டாயிரம் வருசம் முன்னாடியே அடையாளம் வெச்சு முடிச்சாச்சு. ஆநிரை கவர வெட்சி, மீட்க கரந்தை. கறுப்பு டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி பூக்கடைக்கு ஒரு நடை போயிருக்கலாம்.

இன்னொண்ணு. நான் ஓசூர்க்காரி, தேன்கனிக்கோட்டையில பொறந்தவ. எங்க பாட்டி தெலுங்குல அழுவா, கன்னடத்துல திட்டுவா, தமிழ்ல கடன் கேப்பா. எங்க வீதியில இதைப் பெருமையாவோ குறையாவோ யாரும் நினைச்சதில்ல. ஆனா சரித்திரப் படம் பார்க்கப் போனா, நாட்டுப் பற்று உள்ளவன் சுத்தத் தமிழ் பேசறான். படையெடுத்து வர்றவன் மட்டும் தெலுங்கோ கன்னடமோ கலந்து கொச்சையா பேசறான். தியேட்டர்ல சிரிக்கறாங்க. எங்க பாட்டி பேசறதைப் பார்த்து சிரிக்கற மாதிரி இருக்கும் எனக்கு.

தருமபுரியிலயே ஒன்பதாம் நூற்றாண்டு நுளம்பர் காலக் கன்னடக் கல்வெட்டு இருக்கு. சமணக் கோயிலுக்குக் கொடை குடுத்த சேதி. அந்தப் பக்கம் குந்தாணியில இருந்து ஆண்ட ஒய்சள ராமநாதன் கன்னட வம்சம். ஆனா அவன் காலத்துக் கல்வெட்டு பெண்ணேஸ்வரமடம் கோயில்ல தமிழ்ல இருக்கு. எவன் எந்த மொழிக்காரன்னு கோடு கிழிக்கற வேலை இந்த மண்ணுல அப்ப நடக்கல. நாமதான் டப்பிங் தியேட்டர்ல கிழிக்கறோம்.

7 | ரீல்சுத்தி | ஞாயிறு, காலை 9:48

சரி, எல்லாரும் ஒரே பக்கம் பேசறீங்க, நான் எதிர்ப்பக்கம் பேசறேன். சரித்திரப் படம் ஆவணப்படம் இல்ல. கோடிக்கணக்குல காசு போடறவன் தமிழ்நாட்டுல மட்டுமில்ல, வடக்கயும் வெளிநாட்டுலயும் விக்கணும். அவனுக்குத் தெரிஞ்ச முகம், கண்ணுக்குக் குளிர்ச்சியான ராஜா வேணும். கழுத்துல புண்ணோட வியர்வை வழியற ராஜாவை போஸ்டர்ல போட்டா யார் டிக்கெட் எடுப்பா? இந்த இழையில எழுதற நீங்களே எடுப்பீங்களா, மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

8 | தளி ரோடு | ஞாயிறு, காலை 10:02

நான் எடுப்பேன். கிராமத்துக் கதை எடுக்கறப்ப கறுப்பு ஹீரோ, வியர்வை, ரத்தம் எல்லாத்தையும் இதே ஜனம் விசிலடிச்சுப் பார்க்குது. அதே ஜனத்துக்கு ராஜான்னு வந்தா மட்டும் மாவு பூசி ஏன் காட்டணும்? ஜனம் கேட்டுச்சா, இவங்களே முடிவு பண்ணிட்டாங்களா?

9 | ரீல்சுத்தி | ஞாயிறு, காலை 10:15

அது நியாயமான கேள்விதான். பதில் யோசிச்சுட்டு வரேன்.

10 | மலையடி | ஞாயிறு, பகல் 12:20

கிருஷ்ணகிரியில இருந்து. எங்க வீட்டு வாசல்ல நின்னா சையத் பாஷா மலை தெரியும். கோட்டை மேல, தர்கா மேல. சின்னப்ப அங்கதான் பட்டம் விட்டோம்.

எங்க பக்கம் கதை வேற மாதிரி. எங்களுக்கு வேஷம் கிடைக்கும், வசனமும் கிடைக்கும். ஆனா ஒரே வேஷம்தான். கண்ணுல மை, கழுத்துல தாயத்து, ‘நம்பள்கி நிம்பள்கி’ன்னு ஒரு பாஷை. எங்க வீட்டுல பேசறது தக்கினி உருது. ‘நக்கோ’ன்னா வேண்டாம், ‘ஹவ்’னா ஆமா. வாசலைத் தாண்டினா உங்களை மாதிரியே கிருஷ்ணகிரித் தமிழ். ‘நம்பள்கி’ன்னு பேசற ஒரு ஆளை இத்தனை வருசத்துல நான் பார்த்ததே இல்ல. அது சினிமாவுலயே பொறந்து சினிமாவுலயே வளர்ந்த பாஷை.

பாராமகால்னு அப்ப பேர் வெச்சிருந்த நம்ம வட்டாரத்தைப் பத்தி ஒருத்தனும் படம் எடுக்க மாட்டேங்கறான். ஹைதர், திப்பு காலத்துல இந்தக் கோட்டைக்காக எத்தனை சண்டை! 1791 நவம்பர்ல கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மேக்ஸ்வெல் தலைமையில ராத்திரியில ஏறிப் பார்த்துச்சு. கீழ பேட்டை வரைக்கும் வந்தவங்களால மேல கோட்டையைப் பிடிக்க முடியல. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையிலதான் பாராமகால் கைமாறுச்சு. அந்த ராத்திரி மேல இருந்து கல்லு உருட்டினவன் எல்லாம் கண்ணுல மை போட்டவனா? இந்தச் சுத்து வட்டாரத்துல இருந்து சம்பளத்துக்குப் போன எல்லா ஜாதிக்காரனும் அங்க இருந்திருப்பான். இது என் ஊகம்தான். ஆனா படம் எடுக்கறவங்களோட ஊகத்தை விட இது மோசமில்ல.

கம்பெனிக்காரங்க வந்ததும் ரீடும் மன்றோவும் முதல் வேலையா நிலத்தை அளந்தாங்க, ஜனத்தையும் எழுதி வெச்சாங்க. ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ தொகுப்புல குடிமக்களைப் பத்தியே ஒரு தனிப் பகுதி இருக்கு. வரி வாங்க வந்தவனுக்கு எத்தனை வகை ஜனம் இருக்குன்னு தெரிஞ்சாகணும். படம் எடுக்க வந்தவனுக்கு வலது இடது போதும்.

11 | (பெயர் நீக்கப்பட்டது) | ஞாயிறு, பகல் 1:03

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

12 | மட்டுறுத்துநர் | ஞாயிறு, பகல் 1:31

அதியமான் எந்தச் சாதி என்று இந்தக் களத்தில் இதுவரை ஏழு இழைகள் ஓடி, ஏழையும் பூட்டியாச்சு. எட்டாவது வேண்டாம். பாலக்கோட்டான் கேட்டது வேறு கேள்வி, அதைப் பேசுங்கள்.

13 | சித்தேரிப் பையன் | ஞாயிறு, பகல் 2:44

வணக்கம். நான் காலேஜ் ரெண்டாம் வருசம். ஊர் சித்தேரி மலை. நாங்க மலையாளி பழங்குடி. (கேரளா இல்ல. ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லியே ஆகணும். எங்க பெரியவங்க, நாங்க காஞ்சிபுரத்துல இருந்து மலையேறின அண்ணன் தம்பிங்க வழின்னு கதை சொல்வாங்க.)

போன வருசம் அரூர்ல ஒரு ஏஜென்ட் ஆளு எடுத்தார். என் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துட்டு ‘மலையாளியா, அப்ப மலையாளம் பேசு, ஒரு கேரக்டர் இருக்கு’ன்னார். பேசத் தெரியாதுன்னேன். மலையில இருந்து வர்றேன்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. ‘ஓ, மலை ஆளா? அப்ப டயலாக் இல்ல, டான்ஸ் இருக்கு’ன்னார். இலையைக் கட்டிகிட்டு நெருப்பைச் சுத்தி ஆடணுமாம். நான், ‘சார், எங்க ஊர்ல இலை கட்ட மாட்டாங்க. எங்க தாத்தா வேட்டி கட்டுவார், கம்பளி போத்துவார். சாமை, தினை, கேழ்வரகு விதைப்பார்’னேன். ‘படத்துக்கு அதெல்லாம் செட் ஆகாது’ன்னு முடிச்சிட்டார்.

போகல. ஐந்நூறு ரூபா போச்சேன்னு ஒரு வாரம் வருத்தம்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்துப் படைக்குத் தேன், மூங்கில், மூலிகை, மலை வழி எல்லாம் யார் குடுத்திருப்பா? படத்துல மலை ஆளு ராஜாவை வழி மறிக்கறதுக்கு மட்டும்தான் வர்றான். வழி காட்டறதுக்கு ஒருத்தனும் வர்றதில்ல.

14 | பாலக்கோட்டான் | ஞாயிறு, பகல் 3:10

தம்பி, ஒரு வகையில தப்பிச்சே. நான் மாட்டிகிட்டேன்.

15 | பென்னாகரம் கூத்து | ஞாயிறு, மாலை 5:55

எல்லாம் படிச்சேன். நான் கூத்துக் கட்டறவன், எங்கப்பா கட்டினார், அவங்கப்பா கட்டினார். திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடந்தா பதினெட்டு நாள் வீடு மறந்துரும்.

ஒரு விசயம் மறக்காதீங்க. நாங்களும்தான் மூஞ்சில நிறம் பூசறோம். துச்சாதனனுக்கு ஒரு நிறம், அர்ச்சுனனுக்கு ஒரு நிறம். பொம்பளை வேசமும் ஆம்பளைதான் கட்டறான். அதனால பூசறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்க கூத்துல நேத்து கட்டியக்காரன் வேசம் போட்டவன் நாளைக்கு தர்மர் கட்டுவான். திறமை இருந்தா போதும். இவன் மூஞ்சிக்கு இதுதான்னு யாரும் டார்ச் அடிச்சுப் பார்க்கறதில்ல. பாலக்கோட்டுத் தம்பியை அந்த வலப்பக்கம் நிக்க வெச்சு மூணு நாள் ஒத்திகை பார்த்திருந்தா ராஜாவாவே நின்னிருப்பார். நான் சவால் விடறேன்.

(கூத்துலயும் எல்லாம் ஒழுங்குன்னு நினைச்சுக்காதீங்க. எந்தத் தெருவுல யார் ஆடலாம், யார் வெளிய நின்னு பார்க்கணும்னு சண்டை வந்து பாதியில கலைஞ்ச கூத்து எனக்கே தெரியும். அதையும் சொல்லிடணும்.)

16 | கடத்தூர் வாத்தியார் | ஞாயிறு, இரவு 8:18

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்க்கிறேன். பாலக்கோட்டுத் தம்பி, அந்தப் படப்பிடிப்பில் பெண்கள் இருந்தார்களா?

17 | பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 8:24

எங்க பக்கத்துல பத்துப் பேர் இருந்தாங்க ஐயா. ஒப்பாரி வைக்க.

18 | கடத்தூர் வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:37

அப்படியானால் ஔவையைப் பேசியாக வேண்டும். நரைமுடி, கூன் முதுகு, கையில் கோல். 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்துக் காட்டிய உருவம் நம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்த அம்மையாரின் குரலுக்கு நான் அடிமை. அதில் மாற்றமில்லை. ஆனால் ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு புலவர் இருந்தார்கள். ஆத்திசூடி பாடியவர் வேறு, அதியமானோடு இருந்தவர் வேறு. எல்லோரையும் சேர்த்து ஒரு பாட்டியாக்கிவிட்டோம்.

சங்க ஔவை தன்னைப் பற்றித் தானே சொல்கிறார். புறம் 89இல் எதிரி அரசன், ‘இழையணிப் பொலிந்த’, ‘மடவரல் உண்கண் வாணுதல் விறலி’ என்று அவரை விளித்து, ‘உங்கள் நாட்டில் போரிடுகிறவர்களும் உண்டோ’ என்று கேட்கிறான். நகை பூண்ட, மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண். பாட்டியை யாராவது இப்படிக் கூப்பிடுவார்களா? புறம் 92இல் தன் சொல்லை ‘புதல்வர்தம் மழலை’க்கு ஒப்பிட்டு, தந்தை பிள்ளையிடம் காட்டும் அருளை அதியமான் தன்னிடம் காட்டினான் என்கிறார். வயதில் மூத்த கிழவி பேசுகிற பேச்சா இது?

235ஐப் படியுங்கள். அதியமான் இறந்த பிறகு பாடியது. ‘சிறியகட் பெறினே, எமக்கீயும் மன்னே.’ கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நான் பாடப் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இப்படி ஒரு பெண். கள் குடிக்கிறாள், இறைச்சி தின்கிறாள், அரசனோடு சரிசமமாக உட்கார்கிறாள், தொண்டைமானிடம் தூது போய் அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, நெய் பூசி மாலை சூட்டிப் புதுக்கருக்கு அழியாமல் வைத்திருக்கிறாய், எங்கள் அரசனுடையவை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலக் குத்திவிட்டு வருகிறாள். நெல்லிக்கனி கதை மட்டும் போதும் என்று மற்றதையெல்லாம் மூடிவைத்தது யார்? சினிமா மட்டுமா? முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்திய நானும்தான். நெல்லிக்கனி வரும் 91ஆம் பாட்டு நடத்துவேன். 235ஐ நடத்தியதே இல்லை. தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயம்.

19 | தளி ரோடு | ஞாயிறு, இரவு 9:50

ஐயா, இதை ஸ்கூல்ல சொல்லியிருந்தா நான் தமிழ்ல நூத்துக்கு நூறு எடுத்திருப்பேன்.

20 | ரீல்சுத்தி | ஞாயிறு, இரவு 10:20

யோசிச்சுட்டு வந்திருக்கேன். ஔவை விசயம் எனக்குப் புதுசு, ஒத்துக்கறேன். அந்தக் கொட்டில் சீனை ஒழுங்கா எடுத்தா தியேட்டர் அதிரும். ஆனா பாலக்கோட்டு அண்ணன் கேள்விக்கு இன்னும் என் பதில் அதேதான். கூட்டம்னா கூட்டம்தான். முன்னாடி நாலு பேர் கதை, பின்னாடி நாப்பது பேர் கூட்டம். நாப்பது பேருக்கும் பேரு, குணம், வசனம் குடுக்க முடியாது. டைட்டில் கார்டு அரை மணி நேரம் ஓடும்.

21 | கடத்தூர் வாத்தியார் | திங்கள், காலை 5:30

தூக்கம் வரவில்லை, இதற்குப் பதில் எழுதாமல்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் எத்தனையோ நிற்கின்றன. வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், இருக்கும் வாசகம் ஏறத்தாழ ஒரே அச்சு. முதலில் பேரரசன் பெயர், அவனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று. அடுத்து அந்தப் பகுதித் தலைவன் பெயர். அதற்குப் பிறகு, அந்தத் தலைவனின் சேவகன் இன்னான், இன்னார் ‘தொறுக் கொண்ட ஞான்று’, அதாவது மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போன அன்று, ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’. பேரரசனுக்கு ஒரு வரி, தலைவனுக்கு ஒரு வரி, மாட்டை மீட்கப் போய்ச் செத்த சாதாரணச் சேவகனுக்கும் ஒரு வரி. கல்லில் உருவம் யாருடையது? அரசனுடையதா? இல்லை. அந்தச் சேவகனுடையது. அரசன் பெயர் வெறும் தேதிக்கு!

புலியோடு மோதிச் செத்தவனுக்குக் கல் உண்டு, பன்றியோடு மோதியவனுக்கும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய்க்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறது: கோவிவன். தன் ஆள் இறந்த பிறகும் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாம்.

கருங்கல்லில் உளி பிடித்து ஒரு எழுத்து வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அவர்களுக்கு ஒரு மாட்டுக்காரன் பெயரைப் போட நேரம் இருந்தது, நாயின் பெயரைப் போடவும் நேரம் இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் ஓடும் டைட்டில் கார்டு நமக்கு நீளமாகிவிட்டதா?

22 | வடபழனி மேக்கப் | திங்கள், காலை 8:40

ஐயா, நாய்க்குப் பேரு இருந்ததைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வெச்சிட்டேன்.

எங்க ஆளுங்க லிஸ்ட்ல எப்படி எழுதுவாங்க தெரியுமா? ‘காட்டு ஆள் – 40, ராஜா படை – 20, குதிரை – 6.’ குதிரைக்காவது, எது முரடு எது சாதுன்னு தெரியணும்னு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.

அடுத்த வாரம் ஒரு படத்துக்குப் போறேன். கூட்டத்துக்கு ஷேடு பூசற வேலை எனக்கு. பெரிய மேக்கப்மேன்கிட்ட, ‘ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஷேடு போடலாமா சார்’னு கேட்டுப் பார்க்கறேன். திட்டு விழும். கேட்டுட்டு வந்து இங்க எழுதறேன்.

23 | மலையடி | திங்கள், காலை 9:15

அண்ணா, ‘நம்பள்கி’யையும் ஒரு வார்த்தை கேளுங்க.

24 | வடபழனி மேக்கப் | திங்கள், காலை 9:17

அது டயலாக் ரைட்டர் ஏரியா தம்பி. எனக்கு மூஞ்சி வரைக்கும்தான்.

25 | சித்தேரிப் பையன் | திங்கள், பகல் 11:02

வாத்தியார் ஐயா, இந்த மாதிரி கல்லு எங்க பார்க்கலாம்? எழுத்தைப் படிக்கக் கத்துக்க முடியுமா?

26 | கடத்தூர் வாத்தியார் | திங்கள், பகல் 11:40

தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே வரிசையாக வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். வட்டெழுத்து ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். நோட்டும் பென்சிலும் கொண்டு வா.

பாலக்கோட்டுத் தம்பி, உங்கள் ஊர் வேடியப்பன் கல்லில் எழுத்து இருக்கிறதா? வெயில் சாய்வாக விழும் நேரத்தில், காலை ஏழுக்குள், ஒரு படம் எடுத்துப் போடுங்கள். சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். கம்பியால் சுரண்டவே கூடாது.

27 | சித்தேரிப் பையன் | திங்கள், பகல் 11:44

வரேன் ஐயா. அரூர்ல பஸ் மாறணும், பத்தரை ஆயிடும்.

28 | பாலக்கோட்டான் | செவ்வாய், காலை 7:20

படம் போட்டிருக்கேன் ஐயா. மேல ஓரத்துல கோடு கோடா ஏதோ இருக்கு. இத்தனை வருசம் அது கல்லு வெடிப்புன்னு நினைச்சிருந்தேன்.

29 | கடத்தூர் வாத்தியார் | செவ்வாய், காலை 8:05

வெடிப்பு இல்லை தம்பி, எழுத்து! வட்டெழுத்துதான். முதல் வரி மங்கல், அரசன் பெயராக இருக்கலாம். கடைசியில் ‘பட்டான் கல்’ என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. நடுவில், ஆளின் பெயர் வரவேண்டிய இடத்தில், கறுப்பாகத் திட்டுத் திட்டாக என்ன அது?

30 | பாலக்கோட்டான் | செவ்வாய், இரவு 9:50

எண்ணெய்ப் பிசுக்கு ஐயா. விளக்கெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து விரல் கனத்துக்கு ஏறிப் போயிருக்கு. சாயங்காலம் ஊர்ப் பெரியவங்ககிட்ட எடுக்கலாமான்னு கேட்டேன். சாமி மேல கை வெக்காதேன்னுட்டாங்க. நீங்களே நேர்ல வந்து பேசினா கேப்பாங்கன்னு தோணுது. ஆடி முடியட்டும்னு சொல்றாங்க.

அம்மாகிட்ட சொன்னேன். எங்க கல்யாணத்துல இருந்து வெள்ளிக்கெழமை தவறாம நான்தான ஊத்தறேன், அதுக்கு முன்னாடி உங்க பாட்டி ஊத்துச்சுன்னாங்க.